ஆசிரியருக்கு: 'கிளட்ச் ஆயில்'ன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கெழம உங்க வண்டிப் பக்கத்துல கார் கிளட்ச் பராமரிப்பு பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நான் நாமக்கல்ல சொந்தமா ஒரு கார் வெச்சு டாக்சி ஓட்டிட்டிருக்கேன், பதினாலு வருஷமாச்சு, பேப்பர டீக்கடையில படிக்கறதோட சரி, கடுதாசியெல்லாம் எழுதுனதே இல்ல. ஆனா அந்தக் கட்டுரையில ரெண்டு வரி படிச்சதும் டீ உள்ள எறங்கல. ஒண்ணு, கிளட்ச் தேயத் தேய ஆயில் குறையறது சகஜம், அப்பப்ப டாப் அப் பண்ணிக்கலாம்ங்கறது. இன்னொண்ணு, நல்ல கம்பெனி ஆயிலா பார்த்து ஊத்தணும்ங்கறது. ரெண்டுமே தப்புங்க. இத நம்பி நானே ஒருக்கா நட்டாத்துல நின்னவன், நட்டாத்துலன்னா ஆத்துல இல்ல, கொல்லிமலையில.

ஆடிப் பதினெட்டு சமயம், வல்வில் ஓரி விழாக் கூட்டம் வேற. சென்னையிலருந்து வந்த ஒரு குடும்பம், வயசான பாட்டி ஒருத்தங்க உட்பட அஞ்சு பேரு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகணும்னாங்க. அடிவாரத்துல இருக்கற காரவள்ளியில ஏற ஆரம்பிச்சா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, எறங்கற பஸ்சுக்கு வழி விட்டு நின்னு நின்னு ஏறணும், சும்மா நாள்ல ஓட்டறதுக்கும் அன்னிக்கு ஓட்டறதுக்கும் கிளட்ச்ச மிதிக்கறது ஏழெட்டு மடங்கு இருக்கும். நாப்பத்தி சொச்சம் வளைவு தாண்டினப்ப பெடல மிதிச்சேன், அது பாட்டுக்கு தரையோட போய் ஒட்டிக்கிச்சு, திரும்பி மேல வரவே இல்ல. கால் விரல உள்ள விட்டுத் தூக்குனாத்தான் வருது. கியர் விழல, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு ஒரு சத்தம், பின்னாடி பாட்டி 'என்ன தம்பி அரைக்கிற'ன்னு கேக்கறாங்க.

அவங்கள பின்னாடி வந்த வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, வீலுக்குக் கல்லு வெச்சுட்டு பானெட்ட தெறந்து பார்த்தேன். என் வண்டியில பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் சேர்த்து ஒரே டப்பா, இப்ப நெறைய கார்ல அப்படித்தான், டப்பா பக்கவாட்டுல இருந்து ஒரு சின்ன ரப்பர் டியூப் கிளட்ச் சிலிண்டருக்குப் போகும். உள்ள பார்த்தா அந்த டியூப் ஓட்டை வரைக்கும் காலி, அதுக்குக் கீழ திரவம் நிக்குது. அந்த ஓட்டைய வேணும்னே ஒசரத்துல வெச்சிருக்காங்க, கிளட்ச் பக்கம் எவ்ளோ ஒழுகுனாலும் பிரேக்குக்குன்னு கொஞ்சம் கீழ தங்கணும்னு. அத வடிவமைச்ச மனுசன் யாரோ எவரோ, அன்னிக்கு அவரக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிரேக்க மிதிச்சுப் பார்த்தேன், கல்லு மாதிரி நிக்குது. அதுக்கப்புறம் கிளட்ச்ச மடமடன்னு ஏழெட்டு தடவை அடிச்சா ஒரே ஒரு கியர் விழற அளவுக்கு மட்டும் பிரஷர் வந்துச்சு, அத வெச்சு வண்டியத் திருப்பி ஃபர்ஸ்ட் கியர்ல போட்டவன் காரவள்ளி செக்போஸ்ட் வர்ற வரைக்கும் அத எடுக்கவே இல்ல.

இதுல என் தப்பு என்னன்னா, அதுக்கு முன்னாடி மூணு மாசமாவே டப்பாவுல லெவல் குறைஞ்சுட்டே வந்துச்சு, நானும் நீங்க எழுதுன மாதிரியே 'தேயத் தேய குறையும்'ன்னு நெனச்சு வாரத்துக்கு ஒரு மூடி ரெண்டு மூடின்னு ஊத்திட்டே இருந்தேன். வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஈரம் இல்ல, அதனால ஒழுகுதுன்னு தோணவே இல்ல.

முதல்ல இந்த தேய்மான விசயத்த சொல்லிடறேன். மாருதி 800 மாதிரி வண்டிகள்ல பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவுல ஒரு கேபிள் தான், தேய்ஞ்சா நட்டத் திருகி அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம். ஹைட்ராலிக்ல, அதாவது திரவத்தோட அமுக்கத்துல வேலை செய்யற கிளட்ச்ல, கேபிள் கெடையாது. பெடல் ஒரு ராடத் தள்ளும், அது மேல இருக்கற மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனத் தள்ளும், அந்த அமுக்கம் பைப் வழியா கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும், பட்டறையில அப்பர் லோயர்ன்னு சொல்றது இந்த ரெண்டையும் தான், லோயர் கவை மாதிரி இருக்கற ஃபோர்க்கத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டோட விரல்கள அமுக்க, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற பிளேட் விடுபடும். திரவத்த அமுக்கி சுருக்க முடியாது, காத்த அமுக்குனா சுருங்கிக்கும், மொத்த சூட்சுமமும் இவ்ளோதான். உள்ள கொஞ்சம் காத்து புகுந்துட்டா நம்ம மிதி பூரா அந்தக் காத்த சுருக்கறதுக்கே போயிடும், பெடல் ஸ்பான்ஜ் மாதிரி இருக்கும்.

இப்ப பிரேக்க எடுத்துக்குங்க. பேட் தேயத் தேய அத அமுக்கற காலிப்பர் பிஸ்டன் வெளிய வந்து நிக்கும், அதுக்குப் பின்னாடி உண்டாகற எடத்த நெரப்ப திரவம் எறங்கும், டப்பாவுல லெவல் குறையும். அது சகஜம் தான். கிளட்ச்ல நேர் தலைகீழ். பிளேட் தேய்ஞ்சு மெலிய மெலிய பிரஷர் பிளேட் எஞ்சினோட சுத்தற ஃப்ளைவீல் பக்கம் நெருங்கும், அப்ப அதோட விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமா சாயும், பேரிங்க பின்னாடி தள்ளும், லோயர் பிஸ்டன் உள்ள போகும், அங்க இருந்த திரவம் டப்பாவுக்கே திரும்பி வரும். அதாவது நாம ஓட்டற சாதாரணக் கார்கள்ல கிளட்ச் தேய்ஞ்சா லெவல் ஒரு துளியாவது ஏறணுமே தவிர எறங்கவே கூடாது. தனி டப்பா இருக்கற வண்டியில லெவல் எறங்குதுன்னா எங்கயோ ஒழுகுது, வேற பேச்சே இல்ல. என் வண்டி மாதிரி ஒரே டப்பான்னா முதல்ல பிரேக் பேட் எவ்ளோ தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க, அது நல்லாருந்தும் எறங்குதுன்னா ஒழுகல் தான்.

என் வண்டிக்கு எங்க ஒழுகுச்சு தெரியுமா? மறுநாள் ஒரு ஒர்க்ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனேன், பேரு வேண்டாம், கார்ல ஏறி ஒரு மிதி மிதிச்சவரு 'பிளேட் போச்சுண்ணா, கிளட்ச் செட்டே மாத்தணும், பதினஞ்சாயிரம் ஆகும்'ன்னுட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. பிளேட் போனா ஆக்ஸிலேட்டர் குடுக்க குடுக்க எஞ்சின் கத்துமே ஒழிய வண்டி இழுக்காது, ஏத்தத்துல கருகற வாடை வரும், எனக்கு அப்படி எதுவும் இல்லயே. எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் போட்டா அஞ்சு கியரும் வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி விழுது, எஞ்சின் ஓடறப்ப மட்டும் விழ மாட்டேங்குது, அப்படின்னா கிளட்ச் விடுபடலன்னு தான அர்த்தம்? வயசான மெக்கானிக் ஒருத்தர் சேலம் ரோட்டுல இருக்காரு, அவருகிட்ட கொண்டு போனேன். அவரு வண்டிக்கு அடியிலயே குனியல, டிரைவர் சீட்டப் பின்னாடி தள்ளிட்டு பெடலுக்கு மேல கைய விட்டு, ராடு சிலிண்டருக்குள்ள நுழையற எடத்துல இருக்கற ரப்பர் மூடிய வெரலால லேசா விலக்குனாரு. கைய வெளிய எடுத்துக் காட்டுனாரு, விரல் நுனி பூரா கருப்பா பிசுபிசுன்னு இருந்துச்சு. 'தம்பி, உன் ஆயிலு எங்கயும் போகல, மேட்டுக்கு அடியில தான் இருக்குது'ன்னாரு. கார்பெட்டத் தூக்குனா மூணு மாசமா நான் ஊத்துனது பூரா அடியில ஊறிக் கெடக்குது, பெடல் பிராக்கெட்டுல பெயிண்டு கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு. அப்பர் சிலிண்டரோட பின்பக்க ரப்பர் சீல் போய் திரவம் வண்டிக்குள்ளயே எறங்கிட்டிருந்திருக்கு, தரையில எப்படி சொட்டும்?

சீல மட்டும் மாத்தற கிட்டு போட்டுக்கலாமான்னு கேட்டேன். சிலிண்டரக் கழட்டி உள்ள டார்ச் அடிச்சு நகத்தால வழிச்சுப் பாருன்னாரு, நகம் ஒரு எடத்துல தட்டுச்சு. துருப்புள்ளி விழுந்துட்டா புது சீலையும் அது பொராண்டி மறுபடி ஒழுகும், முழு சிலிண்டர் அசெம்ப்ளியே மாத்துன்னுட்டாரு. கூலியோட சேர்த்து அந்தப் பதினஞ்சாயிரத்துல அஞ்சுல ஒரு பங்கு கூட ஆகல.

அந்தத் துரு எங்கருந்து வந்துச்சுங்கறது தான் அடுத்தது. ஆயில்ல துருப்புடிக்குமா? புடிக்காது. ஏன்னா அது ஆயிலே இல்லைங்க. நம்ம ஊருல கடைக்காரர்ல இருந்து கஸ்டமர் வரைக்கும் எல்லாரும் பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில்ன்னு தான் சொல்றோம், நானும் பேச்சுல அப்படித்தான் சொல்றேன், பழக்கதோஷம். ஆனா கிளட்ச்சுக்குன்னு தனியா ஒண்ணு கெடையாது, பெரும்பாலான வண்டியில பிரேக்குக்கு ஊத்தற அதே டாட் 3 இல்ல டாட் 4ங்கற தர நம்பர் போட்ட திரவம் தான், அது கிளைக்கால் வகை, பெட்ரோலியத்துல வர்ற எண்ணெய் கெடையாது. காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சறது அதோட கொணம். டப்பா மூடியில இருக்கற சின்ன ஓட்டை, ரப்பர் ஹோஸ்னு எந்த வழியில கெடைச்சாலும் உறிஞ்சிக்கும். புது டாட் 3 கொதிக்கறதுக்கு கொறஞ்சது 205 டிகிரி வேணும், 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு எறங்கிடும், டாட் 4க்கு அதுவே 230ல இருந்து 155. கிளட்ச்ல பிரேக் அளவுக்கு சூடு ஏறாது தான், ஆனா லோயர் சிலிண்டர் பல வண்டியில சைலன்சர் பைப்புக்குப் பக்கத்துல தான் உக்காந்திருக்கு, அது போக தண்ணி சேர்ந்தா சிலிண்டருக்குள்ள துருப்புள்ளி விழும், அந்தப் புள்ளி தான் என் நகத்துல தட்டுனது. நான் வாங்குனதுல இருந்து அந்த வண்டிக்கு ஒருக்கா கூட அத மாத்தல. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு வண்டியோட குடுத்த புக்குலயே போட்டிருக்கு, அந்த புக்கு டேஷ்போர்டுல பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காம இருந்துச்சு.

இந்த 'ஆயில்'ங்கற பேரு பண்ற கொடுமைக்கு எங்க அக்கா வீட்டுக்காரர் கதையச் சொல்லணும். மாமா பழைய ஜீப்பு ஒண்ணு வெச்சிருக்காரு, தோட்டத்துக்குப் போக வர. கடைக்கு ஆள விட்டு 'கிளட்ச்சுக்கு ஆயில் வாங்கிட்டு வாடா'ன்னிருக்காரு, அந்தப் பையன் கடையில போய் ஆயில்னு கேட்டிருக்கான், கடைக்காரரு எந்த வண்டி எதுக்குன்னு கேக்காம ஸ்டீரிங்குக்கு ஊத்தற ஆயில எடுத்துக் குடுத்துட்டாரு. மாமா ஊத்திட்டாரு. ஒரு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் மிதிச்ச பெடல் மெதுவா வருது, பிளேட் முழுசா புடிக்கல, பிரேக்கு விட்டதுக்கப்புறமும் வீலு சூடா இருக்கு. மூடியத் தெறந்தா உள்ள இருக்கற மடிப்பு ரப்பர் வெளிய தொங்குது, திரும்ப மூடிக்குள்ள போகவே மாட்டேங்குது, ராத்திரி ஊறவெச்ச கொண்டக்கடலை மாதிரி உப்பிப் போயிருக்கு. அந்த ரப்பர் இப்படின்னா உள்ள இருக்கற சீல் எல்லாம் எப்படியிருக்கும்? பிரேக் சிஸ்டத்துல போடற ரப்பரு கிளைக்காலத் தாங்கும், எண்ணெய் பட்டா உப்பும். அவரு ஜீப்புலயும் ரெண்டுக்கும் ஒரே டப்பா. அப்பரு, லோயரு, நாலு வீலு சீலு, ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்தி, பைப்பு பூரா கழுவி, ஒரு ஜீப்போட பாதி வெலை ஆச்சுன்னு அக்கா இன்னும் சொல்லிக்காட்டுது.

சந்தேகம் வந்தா ஒரு எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி எடுத்து டப்பாவுல இருக்கறத நாலு சொட்டு விட்டுப் பாருங்க. நல்ல திரவம்னா தண்ணியோட கலந்துடும், எண்ணெய் கலந்திருந்தா ரசத்துல தாளிச்ச மாதிரி மேல வட்டம் வட்டமா மெதக்கும். அந்த டம்ளர்ல மறுபடி யாரும் தண்ணி குடிக்கக் கூடாது, அது விஷம்ங்க.

டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, நம்பர் பெருசா இருக்கேன்னு வாங்கி ஊத்திடாதீங்க. அது சிலிக்கான், ஊதா நெறத்துல இருக்கும், தண்ணியோடயும் சேராது, டாட் 3, 4 கூடயும் சேராது. டாட் 5.1ங்கறது வேற, அது கிளைக்கால் ஜாதி தான். ஒரு புள்ளி ஒண்ணுக்கு இவ்ளோ வித்தியாசம், பேரு வெச்சவங்கள என்ன சொல்றது. எது வேணும்னு டப்பா மூடி மேலயே அச்சடிச்சிருக்கும், அத மட்டும் பாருங்க.

திரவத்த மாத்தறது பெரிய கம்பசூத்திரம் இல்ல, லோயர் வெளிய தெரியற வண்டியா இருந்தா வீட்டு வாசல்லயே பண்ணலாம். நானும் எம் பொண்ணும் தான் பண்றோம், பத்தாவது படிக்குது. அது செருப்பக் கழட்டிட்டு டிரைவர் சீட்டுல உக்காந்துக்கும், நான் கீழ. டப்பாவுல இருக்கற பழசு வரக்காப்பி மாதிரி இருக்கும், அத சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டு, புதுசு லேசான தேன் கலர்ல, அத ஊத்திக்குவேன். லோயர்ல காத்தையும் பழசையும் வெளிய விடற நிப்பிள் ஒண்ணு இருக்கும், எனக்கு 10 எம்எம் ரிங் ஸ்பேனர், மெடிக்கல்ல வாங்குன குளுக்கோஸ் ஏத்தற டியூப அதுல மாட்டி மறு நுனிய தண்ணி பாட்டில்ல, அடியில கொஞ்சம் திரவம் விட்டு அதுல முங்குற மாதிரி வெச்சிருவேன், இல்லன்னா அந்த வழியிலயே காத்து திரும்ப ஏறும். 'மிதி'ம்பேன், 'மிதிச்சிருக்கேன்ப்பா'ங்கும், நிப்பிள அரைச்சுத்து விடுவேன், புஸ்ஸுன்னு குமிழோட வரும், மூடிட்டு 'விடு'ம்பேன். நான் மூடறதுக்கு முன்னாடி விட்டுட்டா பண்ணுனது பூரா வீண். பிரேக் பெடல் மாதிரி இது தானா எழும்பாது சில சமயம், கையால தூக்கி விடணும், எம் பொண்ணு அதுக்குப் பழகிருச்சு. நடுநடுவுல எந்திரிச்சு டப்பாவப் பார்த்து ஊத்திட்டே இருக்கணும், ஒருக்கா காலியாகி காத்து உறிஞ்சிருச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், ஒரே டப்பான்னா பிரேக்குலயும் காத்து புகுந்துரும். குமிழ் நின்னு தேன் கலர் வர்ற வரைக்கும் இதே வேலை, கால் மணி நேரம் ஆகும். நிப்பிள வெறி வந்த மாதிரி இறுக்கக் கூடாது, ஒடைஞ்சா அசெம்ப்ளி. பெயிண்டு மேல சிந்துனா உடனே தண்ணிய ஊத்திக் கழுவுங்க, என் ஃபெண்டர்ல ஒரு ரூபா அகலத்துக்கு மொட்டையா ஒரு எடம் இருக்கு, கழுவ மறந்த அடையாளம். மிச்சத்த அடுத்த வருஷத்துக்குன்னு வெச்சுக்காதீங்க, தெறந்த பாட்டில் ஈரத்தக் குடிச்சிட்டே தான் இருக்கும், அதனால சின்ன பாட்டிலா வாங்குங்க.

லோயர் வெளிய தெரியாத வண்டியும் இருக்கு, கியர்பாக்ஸுக்குள்ளயே பேரிங்கோட சேர்த்து வட்டமா வெச்சிருப்பாங்க. அது ஒழுகுனா கியர்பாக்ஸ எறக்கித்தான் ஆகணும், அதனால அந்த மாதிரி வண்டிக்காரங்க கிளட்ச் செட் மாத்தறப்ப அதையும் சேர்த்து மாத்திடறது புத்திசாலித்தனம், நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டு ஆறு மாசத்துல மறுபடி கியர்பாக்ஸ் எறக்குன ஆளு எங்க ஸ்டாண்டுலயே இருக்காரு.

இன்னொண்ணு, சிரிப்பா இருக்கும், கியர் விழலன்னு பட்டறைக்கு ஓடறதுக்கு முன்னாடி பெடலுக்கு அடியில மேட்டு மடங்கியிருக்கான்னு பாருங்க. புதுசா அந்த தடி மேட்டு போட்டவங்க வண்டியில பெடல் கடைசி வரைக்கும் போறதில்ல, அதுக்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்ல.

ஆசிரியர்கிட்ட கேக்கறது இவ்ளோதான். அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு ஓரத்துலயாவது திருத்தம் போடுங்க, லெவல் குறைஞ்சா ஊத்தாதீங்க, ஒழுகற எடத்தத் தேடுங்கன்னும், மூடியில போட்டிருக்கற டாட் நம்பரத் தவிர வேற எதையும் ஊத்தாதீங்கன்னும். ஞாயித்துக்கெழம தான் நெறையப் பேரு வண்டியக் கழுவிட்டு பானெட்டத் தெறப்பாங்க, கையில உங்க பேப்பர் தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டாக்சி ஓட்டுநர்,
நாமக்கல்.

பி.கு: கட்டுரைக்கு மேல கலர்ல ஒரு படம் போட்டிருந்தீங்களே, கை ஒண்ணு மூடியத் தெறந்து ஊத்தற மாதிரி, அது கிளட்ச் டப்பா இல்லைங்க, பவர் ஸ்டீரிங் டப்பா. உள்ள இருக்கறது செவப்பா தெரியுது பாருங்க. எங்க மாமா ஊத்துனது அதே செவப்பு தான். அந்தப் படத்தையும் மாத்திடுங்க.